‘எலாஹ்’ முதல் ‘அல்லாஹ்’ வரை: ஒரு சொல்லின் குடும்பம்

டேனியல், இம்மானுவேல், இஸ்மாயில் ஆகிய பெயர்களை வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் வாசிக்கிறோம். ‘கடவுளே என் நீதிபதி’, ‘கடவுள் நம்மோடு’, ‘கடவுள் கேட்கிறார்’ என்பன முறையே அவற்றின் பொருள். மூன்றிலும் ஈற்றில் நிற்பது ‘ஏல்’ என்ற ஒரே சொல். இடத்துக்கு இடம் அதன் ஒலிப்பு சற்று மாறியிருக்கிறது.

அரமேயமும் அதன் உறவுகளும்

அரமேயம் சிரியாப் பகுதியில் தோன்றிய மொழி. பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியாகி இந்தியாவின் வடமேற்கு எல்லை வரை பரவியது. காந்தகாரில் 1958-இல் கண்டறியப்பட்ட அசோகரின் கல்வெட்டு கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. இயேசு பேசிய மொழியும் அரமேயமே. எபிரேயம், அரபு, அக்காதியம் முதலியவற்றோடு இது செமித்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது.

கடவுளைக் குறிக்க அக்காதியத்தில் ‘இலு’, எபிரேயத்தில் ‘ஏல்’, ‘எலோவா’, அரமேயத்தில் ‘எலாஹ்’, அரபியில் ‘இலாஹ்’ என்ற சொற்கள் உள்ளன. பாபிலோன் நகரின் அக்காதியப் பெயரான ‘பாப்-இலி’ என்பதற்குக் ‘கடவுளின் வாயில்’ என்று பொருள் கொள்ளப்பட்டது.

முன்னொட்டும் பின்னொட்டும்

‘அந்த’ என்ற சுட்டுப்பொருளை உணர்த்த அரமேயம் சொல்லின் இறுதியில் ‘ஆ’ சேர்க்கும். அவ்வாறு ‘எலாஹ்’ என்பது ‘எலாஹா’ ஆகிறது. அரமேயத்தின் கிளையான சுரியானியில் இது ‘அலாஹா’. அரபியோ ‘அல்’ என்பதைச் சொல்லின் முன்னே சேர்க்கும். ‘அல்-இலாஹ்’ என்பதே சுருங்கி ‘அல்லாஹ்’ ஆயிற்று என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அரபு பேசும் கிறித்தவர்களும் இறைவனை ‘அல்லாஹ்’ என்றே அழைக்கின்றனர். கத்தோலிக்கர் மிகுந்த மால்டா நாட்டின் மொழியிலும் கடவுளுக்குப் பெயர் ‘அல்லா’ தான்.

உறவை எப்படி உறுதி செய்வது?

அமைதியைக் குறிக்கும் சொல் அரமேயத்தில் ‘ஷ்லாமா’, அரபியில் ‘ஸலாம்’, எபிரேயத்தில் ‘ஷாலோம்’. முதல் இரண்டில் ‘லா’ வரும் இடத்தில் எபிரேயத்தில் ‘லோ’ வருகிறது. எலாஹ், இலாஹ், எலோவா ஆகியவற்றிலும் இதே மாற்றத்தைக் காணலாம். தமிழில் பால், பல், புலி என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என வருவதும் இத்தகைய ஒழுங்கே. இப்படிப் பல சொற்களில் ஒரே மாற்றம் தொடர்ந்து வந்தால்தான் மொழிகளின் உறவு உறுதியாகும்.

தமிழில் ‘எல்’ என்பது ஒளியையும் கதிரவனையும் குறிக்கும். அதையும் ‘ஏல்’ என்பதையும் சிலர் இணைத்துப் பேசுவதுண்டு. ஆனால் இரு மொழிக்குடும்பங்களுக்கும் இடையே அத்தகைய ஒழுங்கான ஒலி மாற்றம் நிறுவப்படவில்லை. எனவே ஓர் ஒலி ஒற்றுமையைக் கொண்டு மட்டும் உறவு கூறுவது பொருந்தாது.

வகுப்பறையில்

“அல்லாஹ் வேறு, கடவுள் வேறா?” என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். சொல் பிறந்த வழியை மொழியியல் விளக்கும் என்றும், சமயங்கள் இறைவனைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கைகளைச் சொல்லின் வேரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்றும் தெளிவாகக் கூறலாம். பிறகு மேற்கண்ட சொற்களைக் கரும்பலகையில் மொழிவாரியாக எழுதி, மாறும் ஒலியை மாணவர்களையே கண்டுபிடிக்கச் செய்யலாம். தம் பெயரும் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை அவர்களே கண்டறிவார்கள்.