கடலிலிருந்து வரும் கரிய ஆபத்து: ஓர் இத்தாலிய நகைச்சுவைப் படத்தில் சராசெனியர்

ஒழுங்கற்ற கந்தல் கூட்டத்தை இத்தாலியர் ‘பிராங்கலியோனேயின் படை’ என்பர். மாரியோ மோனிச்செல்லி 1966இல் இயக்கிய, அதே பெயர் கொண்ட நகைச்சுவைப் படமே இத்தொடரை அம்மக்களின் நாவில் நிலைபெறச் செய்தது. கதை நிகழ்வது ஏறக்குறைய பதினோராம் நூற்றாண்டில். ஒரு வீரனை வீழ்த்திய வழிப்பறிக்காரர்களிடம், தெற்கே புலியா நாட்டிலுள்ள அவுரோகாஸ்ட்ரோ என்னும் கோட்டைக்குரிய உரிமைப் பட்டயம் சிக்குகிறது. பிராங்கலியோனே என்னும் வறிய வீரனைத் தலைவனாக்கிக் கொண்டு அவர்கள் அக்கோட்டையை நாடிச் செல்கின்றனர்.

ஐரோப்பிய வீரமரபின் பெருமிதத்தை இப்படம் தயக்கமின்றி எள்ளி நகையாடுகிறது. நாயகனின் வாயில் முழங்கும் மொழியே பழைய இத்தாலியமும் சிதைந்த இலத்தீனும் வட்டார வழக்கும் கலந்த புனைமொழி. அவனுடன் செல்வோரும் பலதரத்தினர்; தெயோஃபிலாத்தோ என்னும் பைஸாந்தியக் குலமகன் ஒருவன், அபாகுக் என்னும் முதிய யூத வணிகர் ஒருவர். புனித பூமிக்கு யாத்திரிகரை அழைத்துச் செல்லும் ஸெனோனே என்னும் துறவி, அபாகுக்கைத் தண்ணீரில் இறக்கி ஞானஸ்நானம் பெறச் செய்யும் காட்சி சிரிப்பையும் சங்கடத்தையும் ஒருங்கே எழுப்புவது. கட்டாய மதமாற்றத்தைச் செய்தவர்களையே படம் நகைப்புக்குள்ளாக்குகிறது. பின்னர் அம்முதியவர் மரணிக்கும்போது அவருக்காகத் துயருறவும் செய்கிறது.

ஆனால் முஸ்லிம்களின் நிலை வேறு. ‘சராசெனியர்’ என்பது முஸ்லிம்களுக்கு இடைக்கால ஐரோப்பா இட்ட பெயர். பட்டயத்தின் கிழிந்த பகுதி இறுதியில் கிடைக்கிறது. ஆண்டுதோறும் கடல்வழி வரும் ‘கரிய ஆபத்தை’ எதிர்க்க வேண்டியது கோட்டைத் தலைவனின் கடமை என்று அதில் உள்ளது. உடனே கப்பல்கள் வருகின்றன. நாயகன் கூட்டத்தார் பிடிபட்டுக் கழுவேற்றத்திற்கு ஆயத்தமாக்கப்படுகின்றனர். யூதருக்கும் பைஸாந்தியருக்கும் பெயரும் குணமும் உண்டு. கடலிலிருந்து வந்தவருள் பெயர் பெற்றவர் எவருமில்லை. மரபுப் பழமைகளையெல்லாம் கவிழ்த்த நகைச்சுவை இந்த ஒரு பழமையை மட்டும் கவிழ்க்காமல் விட்டுவிட்டது.

கடற்கொள்ளை கற்பனையன்று, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. புலியாவின் பாரி நகரம் 1002-03ஆம் ஆண்டுகளில் முஸ்லிம் படைகளால் முற்றுகையிடப்பட்டது. வெனிஸின் கப்பற்படை வந்து மீட்டது. எனினும் அதே பாரி 847 முதல் 871 வரை முஸ்லிம் அமீரகமாகவே இருந்தது என்பதும் வரலாறு. இமாம் பலாதுரீ தம் ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலில் இதைக் குறிப்பிடுகிறார். கல்ஃபூன் நகரைக் கைப்பற்றினார். அவருக்குப் பின்வந்த முஃபர்ரஜ் இப்னு சல்லாம் 24 கோட்டைகளை வென்றார். ஜாமிஆ மஸ்ஜித் ஒன்றை எழுப்பினார். கலீஃபாவின் அங்கீகாரமின்றித் தாமும் தம்முடனிருந்த முஸ்லிம்களும் ஜுமுஆ நிறைவேற்றுவது முறையாகாது எனக் கருதி, எகிப்தின் அஞ்சல்துறைத் தலைவருக்கு அவர் மடல் எழுதினார். வெறும் கொள்ளையருக்கு எழாத ஃபிக்ஹுக் கவலை அது!

ஏறத்தாழ 867இல் பெர்னார்டு என்னும் கிறிஸ்தவத் துறவி ஜெரூசலம் செல்லுமுன் பாரியின் ஆட்சியாளரிடம் பயண அனுமதிக் கடிதம் பெற்றார். (அலெக்சாந்திரியாவில் அக்கடிதம் எடுபடாமல் அவர் பணம் செலுத்த நேர்ந்தது வேறு கதை. எழுத்தர் அலுவலகங்கள் எக்காலத்தும் ஒன்றுதான் போலும்.) தரந்தோ துறைமுகத்தில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்படும் கிறிஸ்தவக் கைதிகள் 9000 பேரைக் கண்டதாகவும் அவரே எழுதுகிறார். கடிதமும் கைதிகளும் ஒரே பயணியின் ஒரே ஏட்டில் இடம்பெற்றுள்ளன. ஸெனோனேயைப் படைத்த கதையாசிரியர்கள் பெர்னார்டைப் போன்ற ஒருவரையும் படைத்திருந்தால், அக்கடற்கரை இன்னும் உண்மையானதாயிருந்திருக்கும், நகைப்புக்கும் குறைவிருந்திராது.

அவர்கள் கேலி செய்த மொழியிலேயே அதற்கான சான்று கிடந்தது. கிடங்கைக் குறிக்கும் ‘மகஸ்ஸீனோ’ அரபியின் ‘மஃக்ஸன்’. சுங்கத்தைக் குறிக்கும் ‘தொகானா’ நம் ‘தீவான்’. கொள்ளைக்காரர் மட்டுமே வந்துபோன கரையில் சுங்கச் சொல் எங்ஙனம் வேரூன்றும்?

பாரியின் கடைசி அமீர் சவ்தான் 871இல் பேரரசர் இரண்டாம் லூயியிடம் சிறைப்பட்டார். இலத்தீன் வரலாற்றாசிரியர்கள் அவரைக் கொடியவராகவே தீட்டினர். புலியாவைப் பூர்விகமாகக் கொண்ட அஹிமாஸ் என்னும் யூதர் 1054இல் எழுதிய குடும்ப வரலாறோ மற்றொரு சவ்தானைக் காட்டுகிறது. பக்தாதிலிருந்து வந்த ஆரோன் என்னும் யூத அறிஞரை அவர் கண்ணியத்துடன் வரவேற்றுத் தம்மிடம் இருத்திக்கொண்டு ஆலோசனை கேட்டார் என்கிறது அவ்வரலாறு. அபாகுக்கின் சமூகத்தார் எழுதிவைத்த பக்கம் அது.