வான்கோவுக்கு வழிகாட்டிய பூச்சாடி

வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். பூக்கள் திரைச்சீலையை விட்டுத் துருத்திக்கொண்டு வெளியே வருவதுபோல இருக்குமே, அப்படித் தடிமனாக வண்ணம் பூசும் ஆசை அவருக்கு யாரைப் பார்த்து வளர்ந்தது தெரியுமா?

மான்டிசெல்லி. பிரான்சின் மார்செய் நகரத்து ஓவியர். பூச்சாடி வரைய உட்கார்ந்தால் எண்ணெய் வண்ணத்தைக் கட்டி கட்டியாக அப்பிவிடுவார். 1886-ல் பாரிஸ் வந்த வான்கோ அந்தப் படங்களில் சொக்கிப்போனார். அதே ஆண்டு மான்டிசெல்லி காலமாகிவிட்டார். இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை, பாருங்கள்!

பிறகு வான்கோ, மான்டிசெல்லியின் மார்செய் இருக்கும் தெற்கு பிரான்ஸுக்கே கிளம்பிப் போனார். ஆர்ல் என்ற ஊரில் தங்கி, பூத்துக் குலுங்கும் பழத்தோட்டங்களை வரைந்தார். புகழ்பெற்ற அந்தச் சூரியகாந்தி ஓவியமும் அங்கேதான் பிறந்தது. அடுத்தமுறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது பூவின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். விதைகள் இருக்கும் இடத்தில், தூரிகையால் ஒற்றி ஒற்றி வைத்த வண்ணம் சொரசொரவென்று மேடு கட்டியிருக்கும். மான்டிசெல்லி விட்ட இடத்திலிருந்து தான் தொடர்வதாக வான்கோவே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அவரும் தம்பி தியோவும் ஆசையோடு வைத்திருந்த மான்டிசெல்லியின் பூச்சாடி ஓவியம், இன்று ஆம்ஸ்டர்டாமில், வான்கோ அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது.