கண்புரை: தையல் இல்லாத சிகிச்சை முறைகள்

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்குவதே கண்புரை. சொட்டு மருந்தால் அது தெளியாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைப்பதுதான் வழி.

முன்பு லென்ஸை அதன் உறையோடு சேர்த்து எடுத்தார்கள். பெரிய வெட்டு, தையல், பல நாள் படுக்கை. பிறகு ஆயுள் முழுக்கச் சோடாபுட்டிக் கண்ணாடி. 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமான மூடியின் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் பெரிதாக எதிர்க்காததே அவருக்குத் தூண்டுதல். இன்று உறையை விட்டுவைத்து, அதற்குள்ளேயே புது லென்ஸை வைக்கிறார்கள்.

பரவலாக நடப்பவை இரண்டு முறைகள். 1967இல் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய பேக்கோ முறையில், 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியே மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சி, மடித்த லென்ஸை உள்ளே விரிக்கிறார்கள். மற்றொன்றில் வெண்விழியில் 6, 7 மில்லிமீட்டர் அளவில் சுரங்கம்போல வெட்டிப் புரையை முழுதாக வெளியே எடுப்பார்கள். கண்ணின் உள்ளழுத்தமே வெட்டை மூடிவிடுவதால் இதற்கும் பெரும்பாலும் தையல் வேண்டாம். விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டாம். முற்றி இறுகிய புரைக்கு இது நன்றாகவே பொருந்தும். இதை ‘ஏழைகளின் ஆபரேஷன்’ என்று தள்ளுவது தவறு. பேக்கோவில் பார்வை விரைவாகத் தேறும், வெட்டினால் வரும் பார்வைக் கோட்டமும் குறைவு. ஆனால் தேர்ந்த கையில் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஏராளமானோருக்குக் குறைந்த செலவில் சிகிச்சை தரச் சுரங்க வெட்டு முறை பெரிதும் கைகொடுத்தது. அதன் துணை நிறுவனமான ஆரோலேப் 1992 முதல் செயற்கை லென்ஸ்களை மலிவாகத் தயாரித்துவருகிறது.

பேக்கோவையே பலர் லேசர் என்கிறார்கள், அது மீயொலி. உண்மையான லேசர் முறையில் வெட்டும் உறைத் திறப்பும் லேசரால் நடக்கும். செலவு அதிகம், அதற்கேற்பப் பார்வை கூடுவதாக ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை.

லென்ஸிலும் தேர்வு உண்டு. ஒருமுனை லென்ஸ் வைத்தவர்களுக்குப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். பன்முனை லென்ஸ் அந்தத் தேவையைக் குறைக்கும். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல.

புரை முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம். அன்றாட வேலைக்குத் தடங்கல் வந்தாலே சிகிச்சை பெறலாம். மிக முற்றிய புரை கண் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும். அறுவை முடிந்து பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். பின்னாளில் உறை மங்கினால், யாக் லேசர் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்யும். அறுவைக்குப் பின் வலி, சிவப்பு, பார்வைக் குறைவு கூடினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. அரிதாக வரும் கிருமித்தொற்று பார்வையையே பறித்துவிடும்.