பூசுமுன் மடக்கிப் பாருங்கள்



புதுப் பொருள் வாங்குவது எளிது. பழைய பொருளைக் காப்பதுதான் அரிது. விடுதியில் வாழும் நம்மிடம் பழைய பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. நிறம் வெளுத்த தோற்பை, தேய்ந்த காலணி, ஸ்கூட்டர் இருக்கை, சங்க அறையின் நாற்காலி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றின் மேல் வண்ணம் தெளித்துப் புத்துயிர் ஊட்ட முடியுமா? முடியும். ஆனால் எந்தப் பொருளுக்கு எந்த வண்ணம் என்று அறிந்து தெளிக்க வேண்டும். அறியாமல் தெளித்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சான்று. ஆகவே என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தந்தையார் திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் இடையே ஓடிய தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநராக இருந்தவர். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் தோளில் தொங்கிய பழுப்புத் தோற்பை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. முதுகலை வேதியியல் படிக்க நான் தில்லிக்குப் புறப்பட்டபோது அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "ரெண்டு மூணு புத்தகம் தாராளமாக் கொள்ளும்ப்பா" என்றார். அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு மூடியின் ஓரம் நிறமிழந்து வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

முதல் வாரமே வகுப்புத் தோழர் ஒருவர், "டிக்கெட் எங்கே கொடுக்கப் போகிறாய்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் ஓர் இரும்புக் கடையில் கறுப்பு எனாமல் ஸ்ப்ரே டப்பா ஒன்றை வாங்கிவந்தேன். பத்து நிமிடத்தில் பை கன்னங்கரேலென்று பளபளத்தது. அந்தப் பளபளப்பு ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் மூடி மடங்கும் இடத்தில் கோடு கோடாக வெடிப்பு. பத்தாம் நாள் சட்டையெல்லாம் கறுப்புச் செதில்கள்.

கரோல்பாகில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் பையைக் காட்டினேன். அவர் அதை ஒருமுறை மடக்கினார், செதில்கள் உதிர்ந்தன. "இது இரும்புக்குப் பூசும் வண்ணம். இரும்பு மடங்குமா, தம்பி?" என்று இந்தியில் கேட்டார். வேதியியல் பட்டம் பெற்ற எனக்கு அந்தக் கேள்வி ஏன் முன்பே தோன்றவில்லை?

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். முன்பு நம் பக்கத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து அதைப் பதனிட்டார்கள்; இன்று பெரும்பாலும் குரோமிய உப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். இழைகளுக்கு இடையே எண்ணெய்ப் பசை இருப்பதால்தான் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, தோல் மடங்குகிறது. கடையில் வாங்கும் தோற்பொருள்களில் பெரும்பாலானவற்றின் மேல் மெல்லிய வண்ணப் படலம் ஒன்று உண்டு. அது தேய்ந்து நிறம் போவதைத்தான் நாம் "தோல் போய்விட்டது" என்கிறோம். உண்மையில் பல நேரங்களில் தோல் அப்படியே இருக்கிறது, மேற்பூச்சுத்தான் போயிருக்கிறது.

ரெக்சின் என்று நாம் சொல்லும் பொருளோ முற்றிலும் வேறு. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைடு என்னும் ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. அவர்கள் செய்தது நைட்ரோசெல்லுலோஸ் பூசிய துணி. இன்று அந்தப் பெயரில் நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வினைல், அதாவது பாலிவினைல் குளோரைடு பூசிய துணி. இந்தப் பொருள் இயல்பில் விறைப்பானது. 1926-இல் அமெரிக்க வேதியியலார் வால்டோ செமன் அதனோடு சில நீர்மங்களைக் கலந்து வளையக்கூடியதாக ஆக்கினார். இத்தகைய நீர்மங்களை நெகிழ்வூட்டிகள் என்கிறோம். நெகிழ்வூட்டி ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறுவதால்தான் பழைய ஸ்கூட்டர் இருக்கை வெயிலில் கிடந்து இறுகி வெடிக்கிறது.

இனி வண்ணத்துக்கு வருவோம். எந்த வண்ணத்திலும் மூன்று பொருள்கள் உண்டு. நிறம் தருவது நிறமி. நிறமியைப் பரப்பில் ஒட்டவைப்பது பிணைப்பான். இவ்விரண்டையும் தாங்கிச் சென்று பின்பு ஆவியாகிவிடுவது கரைப்பான் அல்லது நீர். தெளிக்கும் டப்பாவில் நான்காவதாக, அழுத்தத்தால் இவற்றை வெளியே தள்ளும் வளிமமும் இருக்கும். 1949-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எட் சீமர் என்பவர் வண்ணத்தை முதன்முதலில் இவ்வாறு டப்பாவில் அடைத்தார்.

நம் வேலைக்கு முதன்மையானது பிணைப்பானே. இரும்புக் கதவுக்குரிய எனாமலில் ஆல்கைடு என்னும் பிசின் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளுக்கு நாள் இறுகும். அசையாத இரும்புக்கு அந்த இறுக்கம் நல்லது. நாள்தோறும் நூறு முறை மடங்கும் பைக்கு அதுவே கேடு. அதே எனாமலை வினைல் மேல் பூசினால் வேறொரு வினை நேரும். வினைலில் உள்ள நெகிழ்வூட்டி பூச்சுக்குள் ஊறிவந்து அதை இளக்கிவிடும். மாதங்கள் கழிந்தாலும் பிசுபிசுப்பு நீங்காது. உட்கார்ந்தவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே வரும்!

ஆகவே, தோலுக்கு மடங்கக்கூடிய அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பிணைப்பான் கொண்ட வண்ணம் வேண்டும். வினைலுக்கு அதற்கென்றே தனி ஸ்ப்ரே கிடைக்கிறது. அதன் கரைப்பான் வினைலின் மேற்பரப்பைச் சிறிது இளக்கும். வண்ணம் அந்த இளகிய பரப்போடு ஒட்டிக்கொள்ளும்.

கையிலுள்ள பொருள் எது என்று எப்படி அறிவது? பின்பக்கம் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் வினைல். தோல்தான் என்றால் ஒரு துளி நீர் விடுங்கள். நீர் உடனே உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் அதன் மேல் பூச்சு இல்லை என்று பொருள். மயிர்போன்ற மெத்தென்ற பரப்புடைய தோலுக்கு இந்த முறை ஆகாது.

என் பையை மீட்ட கதையைக் கேளுங்கள். அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். எனாமல் கரையவில்லை, ஊறி, மெத்தென்று உரிந்து வந்தது. இதற்கே மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. அசிட்டோன் தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். எனவே தோல் களிம்பு தடவி இரண்டு வாரம் ஊறவிட்டேன். பின்பு மேற்பரப்பில் எஞ்சிய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்தேன். எண்ணெய்ப் பரப்பில் எந்த வண்ணமும் நில்லாது. 600 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். நுண்கலை மாணவர் ஒருவரிடம் சிறு தெளிப்பானை இரவல் வாங்கி, தோலுக்குரிய நீர்க்கலவைப் பழுப்பு வண்ணத்தைத் தெளித்தேன். அந்தப் பழுப்பின் நிறமி இரும்பு ஆக்சைடு, துருவின் உறவுக்காரன்.

நமது சங்க அறையில் ஆறு வினைல் நாற்காலிகள் இருந்த நிலை நீங்கள் அறிந்ததே. அவற்றில் நான்கைச் சோப்பு நீரால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, வினைல் ஸ்ப்ரே அடித்தேன். மற்ற இரண்டும் கல்லாக இறுகி வெடித்திருந்தன. வண்ணம் நிறத்தைத்தான் தரும். போன நெகிழ்வைத் திருப்பித் தராது. அவற்றுக்குப் புது உறை தைப்பதே வழி.

தெளிக்கும்போது சில செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்:

டப்பாவைப் பரப்பிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். நெருங்கினால் வண்ணம் வழியும். மிக விலகினால் துளிகள் வழியிலேயே உலர்ந்து சொரசொரப்பாகும்.

ஒரே கனத்த பூச்சைவிட மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள் மேல். ஒவ்வொன்றும் உலர்ந்த பின்பே அடுத்ததைத் தெளியுங்கள். முடிந்ததும் ஒரு முழு நாளாவது தொடாதீர்கள்.

மழைநாளில் இவ்வேலை வேண்டா. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிரும். ஈரக்காற்று அங்கே நீராகப் படியும். வண்ணம் வெண்மை பூத்துவிடும். தில்லியில் ஆடி, ஆவணியை விட்டு ஐப்பசியில் செய்யுங்கள்.

பெரும்பாலான டப்பாக்களில் உள்ள வளிமம் எளிதில் தீப்பற்றக்கூடியது. விடுதி அறைக்குள் தெளிக்காதீர்கள், மாடிக்குச் செல்லுங்கள். அருகில் நெருப்பு கூடாது. கைக்குட்டை கரைப்பான் ஆவியைத் தடுக்காது; கரி வடிகட்டி உள்ள முகமூடி அணியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, கண்ணில் படாத ஒரு மூலையில் சிறிது தெளித்து, உலர்ந்தபின் மடக்கிப் பாருங்கள். வெடிக்கவில்லையென்றால் மேலே செல்லுங்கள்.

தீபாவளி விடுமுறைக்குப் பையோடு ஊருக்குச் சென்றேன். நடந்ததை மறைக்காமல் அப்பாவிடம் சொன்னேன், வகுப்பில் எழுந்த சிரிப்பையும் சேர்த்து. அவர் ஒன்றும் பேசவில்லை. பையை வாங்கி மூடியைத் திறந்தார். கட்டைவிரல் தானாகப் பழைய இடத்துக்குப் போயிற்று. அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் வண்ணம் பூசாமல் விட்டிருந்தேன். பின்பு மூடியைக் காதருகே வைத்து இரண்டு முறை மடக்கினார்.

"மடங்குதுப்பா. நல்லா இருக்கு" என்றார்.

இப்போது அந்தப் பையில்தான் என் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளை நாள்தோறும் கொண்டு செல்கிறேன். நம் சங்க அறைக்கு வரும்போது அந்த நான்கு நாற்காலிகளிலும் தயங்காமல் அமருங்கள், ஒட்டாது!