குழந்தைக்கு ஒரு டாக்டர்

வேலை மாற்றலாகி ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் காண்கிறோம். குழந்தைக்குக் காதுவலி என்றால் ஒரு ஸ்பெஷலிஸ்ட், தோலில் தடிப்பு என்றால் இன்னொருவர், மூச்சிரைப்புக்கு மூன்றாமவர். பெரிய நகரத்தின் வசதி என்று பெருமைப்படுவோரும் உண்டு. இது குழந்தைக்கு நல்லதுதானா? இக்கேள்விக்கு விடை காண ஆயுள் முழுவதும் உழைத்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட்.

1932-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்த இவர், 1959-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை மருத்துவப் பயிற்சியும், 1963-இல் பொதுச் சுகாதாரப் பட்டமும் பெற்று, அங்கேயே பேராசிரியரானார்.

மருந்துகளை ஆராய்வோர் பலர். இவர் ஆராய்ந்ததோ, மருத்துவ சேவை மக்களைச் சென்று சேரும் விதத்தை. முன்பு கண்ட குறையை, மறுமுறை அதே டாக்டர் பார்க்கும்போது மறவாமல் கவனிக்கிறார். டாக்டர் மாறினால் அது நழுவிப் போகிறது என்பதை 1970-களிலேயே எடுத்துக்காட்டினார். குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1984-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு உண்மையைச் சொன்னது: நோய்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் சமமாக வருவதில்லை; சில குழந்தைகளிடமே பலவகை நோய்கள் சேர்ந்து வருகின்றன. காதை மட்டும், தோலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது எப்படிப் படும்? குழந்தையை முழுதாக அறிந்த ஒருவர் வேண்டுமல்லவா?

நல்ல முதல்நிலை மருத்துவத்துக்கு அவர் வகுத்த இலக்கணம் நான்கு. எந்த நோவுக்கும் முதலில் நாடத்தக்கவராக இருத்தல், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தல், பெரும்பாலான தேவைகளைத் தாமே கவனித்தல், ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பினாலும் அவர் சொன்னதைக் கேட்டறிந்து ஒருங்கிணைத்தல்.

2000-ஆம் ஆண்டு இவர் எழுதிய கட்டுரை அமெரிக்காவையே திடுக்கிட வைத்தது. தேவையற்ற அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரித் தொற்று, மருந்தின் பக்கவிளைவு முதலியவற்றால் ஆண்டுக்குச் சுமார் 2,25,000 பேர் அந்நாட்டில் இறப்பதாக, அதுவரை வெளிவந்த மதிப்பீடுகளைத் தொகுத்துக் காட்டினார். சிகிச்சை கூடக்கூட நலமும் கூடும் என்ற நம்பிக்கையை அது அசைத்தது. 2011-இல் தமது 78-ஆம் வயதில் மறையும்வரை அவர் ஓயவில்லை.

ஸ்பெஷலிஸ்டே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். யாரிடம், எப்போது செல்வது என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே.

சொந்த ஊரில் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே டாக்டர் இருந்தார். குடும்பத்தின் கதை அவருக்குத் தெரியும். புதிய ஊரில் அப்படி ஒருவரை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். வீடும் பள்ளிக்கூடமும் பார்க்கும்போதே, அருகில் ஒரு நல்ல குழந்தை டாக்டரையும் விசாரித்து வையுங்கள். தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் ஒரே ஃபைலில் போட்டு அவரிடம் காட்டுங்கள். மீண்டும் மாற்றல் வந்தால் டாக்டர் உடன் வரமாட்டார்; அந்த ஃபைல் வரும்.