ராக்கி மலையடிவாரத்துக் கோடை இடிமழை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ மாநிலம் இரு வேறு நிலங்கள் ஒன்றையொன்று முட்டி நிற்கும் இடமாகும். கிழக்கே கண்ணுக்கெட்டிய தொலைவு வரை புல்வெளியும் கோதுமை வயலும் பரந்து கிடக்கின்றன. மேற்கே ராக்கி மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் விளிம்பில் உள்ள தலைநகர் டென்வர் கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஐம்பது மைல் தொலைவுக்குள் 14,000 அடியைக் கடந்த சிகரங்கள் உண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அந்நகரில் வாழ்வோர் காலையில் நீலவானைக் காண்பர்; நண்பகலில் மலைமுகட்டில் வெண்பஞ்சுக் குவியல்போல் முகில் திரளக் காண்பர்; பிற்பகலில் அம்முகில் கறுத்துத் தங்களை நோக்கி இறங்கி வரக் காண்பர். இது அங்குக் கோடையின் அன்றாட நிகழ்ச்சி. அன்றாட நிகழ்ச்சியாக இருப்பதே அதன் ஆபத்தும் ஆகும்.

முகில் மலைமேல் முதலில் திரள்வதற்குக் காரணம் எளிது. காலை வெயில் கிழக்கு நோக்கிய மலைச்சரிவுகளில் நேராக விழுகிறது. சரிவு சூடேறுகிறது, அதை ஒட்டிய காற்றும் சூடேறி மேலெழுகிறது. எழும் காற்றின் இடத்தை நிரப்பச் சமவெளிக் காற்று சரிவின்மீது ஏறி வருகிறது. மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து ஈரக்காற்று அச்சமவெளியை எட்டியுள்ள நாட்களில், ஏறி வரும் காற்று நீராவியைச் சுமந்து வருகிறது. உயரே செல்லச் செல்லக் குளிர்ந்து, நீராவி நீர்த்துளியாகிறது. அவ்வாறு மாறும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. சிறு முகில் ஒரு மணி நேரத்துக்குள் வானளாவிய இடிமுகிலாகி விடுகிறது. பின்னர் மேல்வானத்துக் காற்று அதனைக் கிழக்கே, சமவெளியை நோக்கித் தள்ளிச் செல்கிறது.

இந்த ஒரே முகிலிலிருந்து பல வகைத் தீங்குகள் வருகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் காப்பு வேறு. ஒன்றிலிருந்து தப்பச் செய்யும் செயல் மற்றொன்றில் உயிருக்கு உலை வைக்கும். இதற்கு மோட்டார் காரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

முதலில் மின்னல். மலையில் ஏறத்தாழ 11,500 அடிக்கு மேல் மரம் வளர்வதில்லை. அந்த மொட்டை வெளியில் நிற்கும் மனிதனே அவ்விடத்தின் உயர்ந்த பொருளாகிறான். ஆகவேதான் மலையேறுவோர் விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் மரவெல்லைக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்ற வழக்கம் அங்கு நெடுநாளாக உண்டு. 2014 ஜூலை 11, 12 ஆகிய அடுத்தடுத்த இரு நாட்களிலும் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் மின்னல் தாக்கி, நாளுக்கொருவராக இருவர் இறந்தனர். இருவரும் பெருஞ்சாலைக்கு அருகிலேயே, சுற்றுலாப் பயணிகள் வழக்கமாகச் சென்று காணும் பகுதியில் இருந்தவர்கள்.

மின்னலைக் கண்டது முதல் இடியைக் கேட்கும் வரை நொடிகளை எண்ணி, ஐந்தால் வகுத்தால் மைல் கணக்கில் தொலைவு கிட்டும் என்று பள்ளிகளில் கற்பிக்கிறோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்வதால் கணக்குச் சரியே. ஆயினும் பாடம் கணக்கோடு நின்றுவிடுவது பெருங்குறை. முப்பது நொடி என்றால் ஆறு மைல். 'இன்னும் தொலைவில் இருக்கிறது' என்று மாணவன் ஆறுதல் கொள்வான். உண்மையில் முகிலின் விளிம்பைத் தாண்டிப் பத்து மைல் தொலைவிலும் மின்னல் இறங்கக்கூடும். இடி காதில் விழுந்தாலே மின்னலின் எல்லைக்குள் நிற்கிறோம் என்பதுதான் அவன் அறியவேண்டிய விடை.

மரவெல்லைக்கு மேல் வீடில்லை, காரே புகலிடம். கூரையும் கதவும் உலோகத்தாலான காரின் உள்ளே கண்ணாடிகளை மூடி அமர்ந்திருப்போரை மின்னல் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ரப்பர்ச் சக்கரங்கள் காக்கின்றன என்று பலர் எண்ணுவது தவறு. ஒரு மைலுக்கு மேற்பட்ட காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்கு நான்கு அங்குல ரப்பர் ஒரு தடையன்று. உலோகக்கூடு மின்னோட்டத்தைத் தன் புறத்தோலிலேயே சுற்றி நிலத்துக்குக் கடத்திவிடுவதே காரணம். துணிக்கூரைக் கார் இதற்கு உதவாது.

அடுத்தது ஆலங்கட்டி. முகிலுக்குள் மேலெழும் காற்று வலுவாக இருப்பின், பனித்துகளைக் கீழே விழவிடாமல் தாங்கிப் பிடிக்கும். உறைநிலைக்குக் கீழும் உறையாதிருக்கும் நீர்த்துளிகள் அதன்மேல் படிந்து படிந்து கட்டி பருக்கும். காற்றால் தாங்க முடியாத எடை வந்தபின்பே அது விழும். கடலோர நாடுகளில் விழும் வழியிலேயே அது உருகிவிட வாய்ப்புண்டு. தரையே ஒரு மைல் உயரத்தில் உள்ள டென்வரிலோ, உறைநிலை உயரத்துக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு, உருகுவதற்கு நேரமில்லை. 1979 ஜூலை 30ஆம் நாள் போர்ட் காலின்ஸ் நகரில் விழுந்த ஆலங்கட்டி, தாய் தூக்கிக்கொண்டு ஓடிய கைக்குழந்தையின் உயிரைக் குடித்தது. 2017 மே 8ஆம் நாள் டென்வர் வட்டாரத்தில் பெய்த ஆலங்கட்டி மழைக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு இருநூறு கோடி டாலருக்கு மேல். வடகிழக்கே தென் டகோட்டா மாநிலத்து விவியன் எனும் சிற்றூரில் 2010 ஜூலை 23ஆம் நாள் விழுந்த கட்டி எட்டு அங்குலக் குறுக்களவும் இரண்டு ராத்தலுக்குச் சற்றே குறைந்த எடையும் கொண்டது. ஐக்கிய நாட்டில் அளந்து பதிவுசெய்யப்பட்டவற்றுள் அதுவே பெரியது. கார் இங்கும் ஓரளவு காக்கும். கண்ணாடி உடையினும் கூரை தாங்கும்.

காற்றின் தீங்கு இருவகை. சுழற்காற்றை யாவரும் அறிவர். 1990 ஜூன் 6ஆம் நாள் லைமன் எனும் சமவெளி நகரின் கடைவீதியை அது தரைமட்டமாக்கியது. உயிர்ச்சேதம் இல்லாமற் போனது வியப்பே. மற்றொன்று கண்ணுக்குப் புலனாகாதது. முகிலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உலர்ந்த காற்றில் மழை விழும் வழியிலேயே ஆவியாகிவிடும். ஆவியாகும் நீர் காற்றின் வெப்பத்தைக் கவர்வதால் காற்று குளிர்ந்து, கனத்து, திடீரெனக் கீழே பாய்ந்து தரையில் மோதி நாற்புறமும் சிதறும். 1975 ஆகஸ்டு 7ஆம் நாள் டென்வரின் அன்றைய விமான நிலையத்தில் மேலெழுந்த பயணி விமானம் ஒன்றை இத்தகைய பாய்ச்சல் தரையில் வீழ்த்தியது. எல்லாரும் உயிர் தப்பினர். இப்பாய்ச்சலின் இயல்பைக் கண்டு உலகுக்கு உணர்த்தியவர் டெட்சுயா புஜிதா எனும் ஜப்பானிய அறிஞர். 1982இல் டென்வரைச் சுற்றி ராடார்களை நிறுவி அவரும் பிறரும் செய்த ஆய்வின் பயனை இன்று உலகெங்கும் விமானப் பயணிகள் அனுபவிக்கின்றனர்.

இனி, இவை அனைத்தினும் கொடியதாகிய வெள்ளம்.

பிக் தாம்சன் என்பது பெரிய ஆறன்று. எஸ்டஸ் பார்க் எனும் மலையூரிலிருந்து இருபத்தைந்து மைல் நீளமான குறுகிய மலையிடுக்கின் வழியே, 2,000 அடிக்கு மேல் இறங்கிச் சமவெளியை அடையும் மலைநீரோடை. பல இடங்களில் அதன் இருபுறமும் செங்குத்தான பாறை. ஓடையை ஒட்டியே நெடுஞ்சாலை, தங்கும் விடுதிகள், கூடாரத் திடல்கள். 1976 ஜூலை 31ஆம் நாள் சனிக்கிழமை. மறுநாள் கொலராடோ மாநிலமான நூற்றாண்டு விழா. விடுமுறையைக் கழிக்க ஆயிரக்கணக்கானோர் அவ்விடுக்கில் தங்கியிருந்தனர்.

அன்று மாலை ஆறரை மணியளவில் இடிமழை தொடங்கியது. வழக்கமாக முகிலைக் கிழக்கே தள்ளிச் செல்லும் மேல்வானத்துக் காற்று அன்று மிக மெலிந்திருந்தது. கீழேயோ ஈரமிக்க கீழ்க்காற்று ஓயாது சரிவில் ஏறி முகிலுக்குத் தீனி போட்டது. ஏறத்தாழ 60,000 அடி உயரம் வளர்ந்த முகில் நகராமல் ஓரிடத்திலேயே நின்றது. நான்கு மணி நேரத்தில் சில இடங்களில் பன்னிரண்டு அங்குலம் கொட்டியது. அது அவ்வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழையின் பெரும்பகுதி. செங்குத்துப் பாறையில் மண் ஏது? உறிஞ்ச வழியின்றி அவ்வளவும் ஓடைக்கே வந்தது. இடுக்கின் குறுகிய பகுதியில் இருபது அடி உயர நீர்ச்சுவர், பாறைகளையும் வீடுகளையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. நானூறுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்களை எச்சரிக்கச் சென்ற காவல் அலுவலர் இருவரும் அவருள் அடங்குவர்.

மழை கொட்டியது இடுக்கின் மேற்பகுதியில். கீழ்ப்பகுதியில் இருந்தோர் பலருக்குச் சிறு தூறலுக்கு மேல் இல்லை. தலைக்கு மேல் மழையில்லாதவன் ஆற்றில் வெள்ளம் வரும் என்று எவ்வாறு நம்புவான்? எச்சரிக்கப்பட்டும் இடம்பெயராதோர் உண்டு. மலேசிய நீர்வீழ்ச்சிகளில் குளிப்போர் 'கெப்பாலா ஆயர்' என்று அஞ்சுவதும் இதுவே. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இறங்கி உயிர்களைப் பறித்தது இவ்வகை வெள்ளம்தான்.

ஈவ் கிரண்ட்பெஸ்ட் எனும் புவியியல் ஆய்வாளர், அன்றிரவு யார் யார் என்ன செய்தார்கள் என்று ஆராய்ந்தார். கிடைத்த விடை தெளிவானது. காரில் ஏறிச் சாலைவழியே தப்ப முயன்றோர் பலர் மாண்டனர். காரை விட்டிறங்கி, இருளில் கைகால்களால் பற்றிப் பாறைச்சரிவில் ஏறியோர் பிழைத்தனர். மறுநாள் நூற்றுக்கணக்கானோரை ஹெலிகாப்டர்கள் மீட்டன.

காரில் ஓடியோரை அறிவிலிகள் என்று சொல்வதற்கில்லை. ஆபத்து வந்தால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு விரைந்து அகல்வது இயல்பான அறிவே. ஆனால் சாலையும் ஆறும் ஒரே இடுக்கில், ஒரே திசையில் இறங்குகின்றன. முன்னே ஓடுபவன் வெள்ளத்தின் பாதையிலேயே ஓடுகிறான். மேலும், காருக்கு எடை உண்டு என்ற நம்பிக்கை பொய்யானது. நீர்மட்டம் பக்கவாட்டில் ஓரடி ஏறும்போதெல்லாம், கார் இடம்பெயர்க்கும் நீரின் அளவால் ஏறத்தாழ 1,500 ராத்தல் எடை குறைந்தாற்போல் ஆகும். இரண்டடி ஓடும் நீர் பெரும்பாலான கார்களைத் தூக்கிச் சென்றுவிடும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கல்லையும் வாளியையும் காட்டுவதோடு இதனையும் காட்டலாம்.

'இடியும் மின்னலும் இருக்கும்போது மேலே ஏறலாமா?' என்று கேட்கும் மாணவன் சரியாகவே கேட்கிறான். வெள்ளத்துக்குத் தப்ப மலையுச்சிக்கு ஏற வேண்டியதில்லை. இடுக்கின் அடியிலிருந்து சில பத்தடிகள் போதும். அங்கு மின்னல் ஒருவனைத் தாக்குவது எப்போதோ நேர்வது. இடுக்கின் அடியில் நிற்பவனையோ நீர் தவறாமல் வந்தடையும். மொட்டை முகட்டில் புகலிடமான அதே கார், இடுக்குக்குள் பிணப்பெட்டியாகிறது. மழை ஒன்றே, நிற்கும் இடம் வேறு.

இதற்கு நான்காண்டு முன்பே, 1972 ஜூன் 9ஆம் நாள், தென் டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைகளில் இதே வகை இடிமழை இடம்பெயராமல் நின்று ஆறு மணி நேரத்தில் பதினைந்து அங்குலம் வரை பெய்தது. அடிவாரத்து ரேப்பிட் சிட்டி நகரில் அணை உடைந்து 238 பேர் மாண்டனர். அந்நகரத்தார் அதன்பின் ஆற்றங்கரையில் மீண்டும் வீடு கட்டவிடாமல், அந்நிலத்தைப் பூங்காவும் விளையாட்டுத் திடலுமாக்கினர். இழப்புக்குப் பின் எடுத்த முடிவுகளுள் இதற்கிணையான துணிவு அரிது. பிக் தாம்சன் இடுக்கிலோ சாலையோரத்தில் அறிவிப்புப் பலகைகள் எழுந்தன: வெள்ளம் வந்தால் மேலே ஏறுக என்று. ஒரு மனிதன் சரிவில் ஏறும் படமும் அதில் உண்டு.

அண்மைக் காலத்தில் புதிதாக ஒரு காரணமும் சேர்ந்துள்ளது. 2020இல் போர்ட் காலின்ஸுக்கு மேற்கே பற்றிய காட்டுத்தீ இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. கொலராடோ வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. எரிந்த மரஞ்செடிகளின் மெழுகுப் பொருள் மண்ணில் படிந்து நீரை உட்புகவிடாமல் தடுக்கும். மழைநீர் ஓட்டுக்கூரையில் வழிவதுபோல் வழியும். 2021 ஜூலை 20ஆம் நாள் அவ்வெரிநிலத்தின்மேல் பெய்த இடிமழை, பிளாக் ஹாலோ எனும் சிற்றோடை வழியே சேறும் மரக்கட்டையுமாக இறங்கி நால்வர் உயிரைக் கொண்டது. பன்னிரண்டு அங்குல மழை இதற்குத் தேவைப்படவில்லை. ஆகவே வானிலை அலுவலகத்தார் இன்று எரிநிலங்களுக்கு மட்டும் எச்சரிக்கை அளவைத் தாழ்த்தி வைத்துள்ளனர். மற்ற மலைகளில் கவனிக்காமல் விடக்கூடிய மழைக்கும் அங்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுகிறது.