மஞ்சள் விளக்கு எரிந்தால் எதை மாற்றுவது? பழைய காரின் உணரிகளும் மின் இரைச்சலும்

மழை சற்றே ஓய்ந்த ஜூலை மாத மாலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு வரும் பழைய பெட்ரோல் கார் ஒன்று, கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய நீரை மெல்லக் கடக்கிறது. சிறிது தொலைவு சென்றதும் எஞ்சின் இருமுறை விக்குகிறது. சுழற்சி காட்டும் முள் துள்ளுகிறது. எஞ்சின் உருவம் வரைந்த மஞ்சள் விளக்கு எரிகிறது. மறுநாள் வெயிலில் அதே கார் ஒன்றும் நடவாததுபோல் ஓடுகிறது.

பட்டறைக்குச் சென்றால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "சென்சார் போய்விட்டது" என்பது. சென்சாரை மாற்றிய பின்னும் குறை தொடர்ந்தால் அடுத்த விடை, "இ.சி.யூ. போய்விட்டது" என்பது. முதல் விடைக்குச் சில ஆயிரம் ரூபாய். இரண்டாவதற்குப் பல ஆயிரம். இவ்வளவும் செலவழித்த பிறகு, உண்மையான குறை துருப்பிடித்த ஒரு போல்ட்டின் அடியிலோ எலி கடித்த ஒரு கம்பியிலோ இருந்தது தெரியவருவது உண்டு. இத்தகைய செலவைத் தவிர்ப்பதற்கு எஞ்சின் நூல்களைக் கற்க வேண்டியதில்லை. அந்த மஞ்சள் விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்தால் போதும்.

மூப்படைந்தவை கம்பிகளே

மும்பையின் அடையாளமாக விளங்கிய பிரீமியர் பத்மினி டாக்ஸிகளில் கார்புரேட்டர் இருந்தது, இ.சி.யூ. இல்லை. மின்குறை எதுவாயினும் கண்ணால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அவ்வகை டாக்ஸிகளுள் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. இருபது ஆண்டு வரம்பு முடிந்து அது விடைபெற்றது 2023 அக்டோபர் 30 அன்று.

அதற்கு முன்னரே காலம் மாறிவிட்டது. 1998இல் காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, பெட்ரோலை ஊசிமுனைக் குழாய்களால் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறையைச் சிறு காரிலேயே கொண்டுவந்தது. மாசுக் கட்டுப்பாட்டுக்கான பாரத் ஸ்டேஜ் 2 விதிகள் 2000இல் தில்லி வட்டாரத்திலும் 2001இல் மும்பையிலும் நடைமுறைக்கு வந்தபின் இம்முறை பொதுவழக்காயிற்று. ஆகவே, இன்று இந்நகரில் ஓடும் பழைய பெட்ரோல் கார்களுள் பலவற்றின் உணரிக் கம்பிகளுக்கு வயது பதினைந்தும் இருபதும் ஆகிவிட்டன. எஞ்சின் நன்றாயிருக்கும், அதன் நரம்புகள்தாம் தளர்ந்திருக்கும்.

உணரிகள் மெல்லிய குரலில் பேசுபவை

சென்சார் என்று நாம் அழைக்கும் உணரிகள், வெப்பம், காற்றழுத்தம், கிராங்க் தண்டின் நிலை, புகையிலுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை மின்னழுத்தமாக மாற்றி இ.சி.யூ. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகின்றன. பேட்டரி 12 வோல்ட் உடையது. உணரிகளுட் பல 5 வோல்ட்டில் இயங்குகின்றன. ஆக்சிஜன் உணரியின் பேச்சோ சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு மெல்லிய குரலுக்குப் பக்கத்திலேயே பெருங்கூச்சல் போடுவோர் பலர் உண்டு. ஸ்பார்க் பிளக்குக்குச் செல்லும் கம்பியில் 20,000 வோல்ட்டுக்கு மேலும் பாயும். ஆல்டர்னேட்டரில் ஒரு டையோடு பழுதானால் நேர்மின்னோட்டத்தில் அலை கலந்துவிடும். எஞ்சின் விசிறியும் எரிபொருள் பம்ப்பும் இயங்கி நிற்கும்போதெல்லாம் மின்னழுத்தம் துள்ளும். இந்தத் தேவையற்ற துள்ளலையே மின் இரைச்சல் என்கிறோம்.

கார் உற்பத்தியாளர்கள் இதை அறிந்தே வடிவமைத்திருக்கிறார்கள். கிராங்க் உணரியின் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டோ, உலோக வலையுறை அணிவிக்கப்பட்டோ வரும். அவ்வலையுறை ஒரு முனையில் மட்டுமே எர்த்துடன் இணைக்கப்படுவது வழக்கம். ஸ்பார்க் பிளக்கிலும் அதன் கம்பியிலும் இரைச்சலைத் தணிக்கும் மின்தடை வைக்கப்பட்டிருக்கும். மலிவான மாற்றுக் கம்பியைப் போட்டாலும், அறுந்த உறையைச் சாதாரண டேப்பால் சுற்றினாலும் இந்தக் காவல் குலைந்துவிடும்.

எர்த்தில் மறைந்திருக்கும் குறை

எர்த் என்பது மின்னோட்டம் திரும்பி வரும் வழி. எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டையில் துருவேறி, 0.01 ஓம் அளவுக்குத் தடை கூடியதாகக் கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரால் இத்தடையை அளக்கவே இயலாது. ஆனால் இரவில் முன்விளக்குகளும் ஏ.சி.யும் இயங்கும்போது அதன் வழியே 30 ஆம்பியர் பாய்ந்தால், 0.3 வோல்ட் வேறுபாடு தோன்றும். உணரி எஞ்சினையும் இ.சி.யூ. காரின் உடலையும் எர்த்தாகக் கொண்ட பழைய அமைப்பில், முழுப்பேச்சே 0.9 வோல்ட்டுக்குள் அடங்கும் ஆக்சிஜன் உணரிக்கு இது பெரும்பிழை. கலவை சரியாக இருந்தும் தவறென்று எண்ணி இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். உணரியிலும் குற்றமில்லை, பெட்டியிலும் குற்றமில்லை. ஆனால் சேமிக்கப்படும் குறியீட்டில் உணரியின் பெயரே பதிவாகும். அந்தக் குறியீடு உணரி, கம்பி, கனெக்டர், எர்த் ஆகிய நான்கும் சேர்ந்த சுற்றையே சுட்டுகிறது. அவற்றுள் எது பழுது என்பதை அது சொல்வதில்லை.

மும்பைக்கே உரிய காரணங்கள்

மூன்று காரணங்களை இங்கே குறிப்பிட வேண்டும். முதலாவது, காற்றும் நீரும். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியிலும் தாணே கழிமுகத்தை ஒட்டிய செம்பூரிலும் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. செம்புக் கம்பி பச்சையேறுவதும் கனெக்டர் ஊசிகள் களிம்பேறுவதும் இதனாலேயே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது மூழ்கியவை போன்ற கார்களை நாம் பழைய கார்ச் சந்தையில் வாங்க நேர்ந்தால், இருக்கையைவிடக் கம்பிகளையே முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எலி. தெருவோரம் பல நாள் நிற்கும் காரின் வெதுவெதுப்பான எஞ்சின் அறை அதற்கு நல்ல வீடு. மேலுறை கெடாததுபோல் தோன்றினும், கம்பிக்கட்டின் அடிப்பகுதி கடிபட்டிருக்கலாம்.

மூன்றாவது, பின்னர் பொருத்திய சி.என்.ஜி. கருவி. எரிவாயு எளிதில் கிடைக்கும் இந்நகரில் பழைய கார்கள் பலவற்றில் அது உண்டு. அதைப் பொருத்தும்போது இஞ்செக்டர், கிராங்க், ஆக்சிஜன் உணரிக் கம்பிகளில் இடையே வெட்டியோ சுரண்டியோ கிளை எடுக்கிறார்கள். அக்கிளை முறுக்கி டேப் சுற்றியதாயின், இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது.

செலவுக்கு முன் ஆறு சோதனைகள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரும் எளிய ஸ்கேனரும் இருந்தால் போதும். நாமே செய்யலாம்; அல்லது மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லலாம்.

1. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும்: ஓய்வில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட்டும் காட்ட வேண்டும். விளக்குகளை எரியவிட்டு மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றினால், அளவு மிகச் சிறிதாக இருக்க வேண்டும். அரை வோல்ட்டை எட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடைச் சோதிக்க வேண்டும்.

2. எர்த்: எஞ்சின் ஓடும்போது முன்விளக்கும் விசிறியும் இயங்கட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும், பிறகு காரின் உடலிலும் வைத்து அளக்க வேண்டும். 0.1 வோல்ட் வரை நன்று, 0.2ஐத் தாண்டினால் இணைப்பைக் கழற்றித் தூய்மை செய்ய வேண்டும்.

3. காலை ஒப்பீடு: இரவு முழுதும் நின்ற காரில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், ஸ்கேனரில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அந்தச் சுற்றில் குறை உண்டு.

4. கழற்றிப் பார்த்தல்: இரண்டு கம்பிகள் உடைய கூலன்ட் உணரியின் கனெக்டரைக் கழற்றினால், ஸ்கேனர் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி காட்டும். கனெக்டரின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்தால் 120 டிகிரிக்கு மேல் காட்டும். இரண்டும் நிகழ்ந்தால் கம்பியும் பெட்டியும் நன்றாயுள்ளன. அப்போதுதான் உணரியைச் சந்தேகிக்கலாம். வேறு வகை உணரிகளில் இவ்வாறு இணைத்துப் பார்க்கக் கூடாது.

5. அசைத்துப் பார்த்தல்: எஞ்சின் மெதுவாக ஓடும்போது கம்பிக்கட்டைச் சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் விலகிய இடங்களில் ஒவ்வொரு சாணாக அசைக்க வேண்டும். எங்கே எஞ்சின் விக்குகிறதோ அங்கே குறை இருக்கிறது.

6. வானொலி: காரின் வானொலியை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். வேகத்துடன் உயரும் ரீங்காரம் ஆல்டர்னேட்டரையும், வேகத்துடன் விரையும் டிக் டிக் ஒலி ஸ்பார்க் கம்பிகளையும் சுட்டும்.

சில எச்சரிக்கைகளையும் மனத்தில் கொள்ள வேண்டும். உணரிக் கம்பியில் பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்பை வைக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றக் கூடாது. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. ஊசியால் கம்பியைக் குத்திச் சோதித்தால், அத்துளை வழியே ஈரம் புகுந்து புதிய குறையை உண்டாக்கும்.

குறை கிடைத்தபின், பச்சையேறிய பகுதி முழுவதையும் வெட்டி நீக்கிப் புதுக் கம்பியைச் சால்டர் வைத்தோ சரியான கிரிம்ப் கொண்டோ இணைத்து, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டும். எர்த் போல்ட்டின் அடியிலுள்ள பெயின்ட்டையும் துருவையும் உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கிய பின் கிரீஸ் பூச வேண்டும். உணரிக் கம்பியை ஸ்பார்க் கம்பியிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும்.

பணமும் பாதுகாப்பும்

விட்டுவிட்டு வரும் குறையை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் சரியன்று. கிராங்க் உணரியின் குரல் அறுந்தால் எஞ்சின் அக்கணமே நிற்கும். செம்பூரையும் தென் மும்பையையும் இணைக்கும் ஈஸ்டர்ன் ஃபிரீவேயின் சுரங்கப் பாதையில் அது நிகழ்ந்தால், பின்னால் விரைந்து வரும் வாகனத்துக்கு நம் நிலை தெரிய நேரமிராது.

பொதுவான மோட்டார் காப்பீடு, இயந்திரப் பழுதையும் மின்பழுதையும் தேய்மானத்தையும் ஏற்பதில்லை. ஆகவே இச்செலவு நம் பையிலிருந்தே போகும். சி.என்.ஜி. கருவி பொருத்தியிருந்தால் அதைப் பதிவுச் சான்றிதழில் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்திருக்க வேண்டும். அதன் சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகவே புதுப்பிக்கப்படுகிறது. அந்த ஆய்வுக்குச் செல்லும் முன்னர் இச்சோதனைகளை முடித்துக்கொள்வது நலம். பழைய காரை வைத்துக்கொள்வதா, புதிய காருக்குக் கடன் பெறுவதா என்ற முடிவையும், குறையின் உண்மையான செலவு தெரிந்தபின் எடுப்பதே முறை.

பாஸ்புக்கில் தொகை ஒத்துவராவிட்டால் நாம் கணக்கை மூடிவிடுவதில்லை. பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். காருக்கும் அதே பொறுமை போதும். அடுத்த முறை பட்டறையில் "சென்சாரை மாற்ற வேண்டும்" என்று சொன்னால், பணம் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்: "எர்த்தை அளந்தீர்களா? எத்தனை வோல்ட் காட்டியது?" விடை எண்ணாக வந்தால் தொடரலாம். எண் இல்லையெனில், முதலில் அளக்கச் சொல்வோம்.